44352-இல் உம்மாவின் பங்கு

நற்பிட்டிமுனை வயலை எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிரிக்கவில்லை. பூட்டனார் மௌத்தானபோதும் இல்லை, பாட்டனார் போனபோதும் இல்லை, வாப்பா போனபோதும் இல்லை. ஆண்கள் முறை வைத்து விதைத்தார்கள். பெண்களுக்கு வீட்டுக்கொரு மூட்டை நெல் வந்தது. அதற்கு மேல் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

போன வருடம் வயலைப் பங்கு பிரித்து உறுதிப் பத்திரம் எழுத எல்லாரும் நொத்தாரிசிடம் போனோம். வாப்பாவின் தம்பியான சாச்சா பங்குக் கணக்கை ஒரு தாளில் கொண்டுவந்திருந்தார். எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று இருந்தது. உம்மாவின் பெயர் அதில் இல்லை.

"உம்மாட பங்கு எங்க சாச்சா?"

"ஒண்டுக்குக் கொறவு மகள். அத என்னத்துக்கு எழுதுற?"

"உங்கட பங்கு?"

"ஆறு."

நானும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். பூட்டனாருக்கு மூன்று ஆண், ஒரு பெண். மார்க்கச் சட்டப்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் ஏழு பங்கு. பாட்டனாரின் பிள்ளைகள் நான்கு ஆண், ஒரு பெண், அது ஒன்பது. அவருடைய தம்பிக்கு ஐந்து ஆண், ஒரு பெண், அது பதினொன்று. பாட்டனாரின் இரண்டாம் மனைவி இன்னும் இருக்கிறார். கணவன் விட்டதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. வாப்பாவின் பங்கில் உம்மாவுக்கும் எட்டில் ஒன்று. ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று, இன்னொரு எட்டு. பெருக்கினால் 44352. அதைவிடச் சிறிய எந்த எண்ணிலும் எல்லாருடைய பங்கும் முழுதாக வராது. உம்மாவுக்கு 308. எனக்கும் தங்கைக்கும் 539 வீதம். தம்பிக்கு 1078. சாச்சாவுக்கு 2464.

நூற்றை ஏழாலும் எட்டாலும் ஒன்பதாலும் பதினொன்றாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. இந்த வயலுக்கு அதைவிடப் பொருந்தாத எண்ணைத் தேடியும் எடுக்க முடியாது. சாச்சா அதைத்தான் எடுத்தார். அவருக்கு வருவது ஐந்தரைக்குச் சற்று மேல். அது ஆறாக ஏறியது. உம்மாவுக்கு வருவது முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அது ஒன்றாக ஏறவில்லை, பூச்சியமாக இறங்கியது. ஒரே தாளில், ஒரே பேனையால். என் கணக்கை நொத்தாரிசின் மேசையில் வைத்தேன்.

"இவ்வளவு பெரிய நம்பர உறுதியில எழுதுறா? ஆக்கள் சிரிக்க மாட்டாங்களா?" என்றார் சாச்சா.

"சிரிக்கட்டும். நீங்க தொழுற ஆள்தானே. எட்டுல ஒண்டு எண்டு ஆர் வெச்சது?"

உம்மா என் கையைப் பிடித்தார். "விடு மகள். என்ன பெரிய வயலா வரப்போகுது? வரம்புல ஒரு துண்டு."

அது எனக்கு சாச்சாவின் தாளைவிட எரிந்தது. "அந்தத் துண்டு உங்கட" என்றேன்.

நொத்தாரிசு கல்குலேட்டரை எடுத்து இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார். பிறகு சாச்சாவின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உம்மாவிடம் அடையாள அட்டையைக் கேட்டார். உம்மா உடனே கொடுத்தார். கைப்பையில் தேட வேண்டியிருக்கவில்லை. வந்ததிலிருந்து அதைக் கையில்தான் வைத்திருந்தார்.