நண்டுக்கு ஆகாத நாட்கள்

கடலுக்குப் போவதென்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை அட்டவணை போட்டதுதான். வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, பின்னாலேயே சனி, ஞாயிறு. பல்லேகல அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அது. திருகோணமலையில் அறை, போக வர பஸ், எந்த வேளைக்கு என்ன சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஃபோனில் ஏற்றி வைத்தேன். வெள்ளி மதியம் நண்டு. இரவு கணவாய். சனி மதியம் இறால். சனி இரவு மறுபடியும் நண்டு.

நண்டு அப்பாவுக்காக. கண்டி டவுனில் ஹார்ட்வேர் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அப்பா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்டு சமைக்கும் வீடியோக்களைச் சத்தத்தோடு பார்ப்பார். ஆனால் வாழ்க்கையில் ஒரு நண்டைக்கூடச் சாப்பிட்டதில்லை. "கண்டி மார்க்கட்டுக்கு வர்ற நண்டு, கடல மறந்தே போன நண்டு. தின்னா கடலோரத்துல உக்காந்து திங்கணும்" என்பார்.

விடிவதற்குள் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஏறிவிட்டோம். மாத்தளை தாண்டியதும் பெருமையோடு அட்டவணையை அம்மாவிடம் நீட்டினேன்.

"வெள்ளிக்கிழம நண்டா?" என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. செவ்வாய், வெள்ளி, சனி எங்கள் வீட்டில் மரக்கறிதான். அலுவலகக் கென்டீனில் கண்டதையும் தின்று பழகிய எனக்குக் கிழமையே மறந்துபோயிருந்தது.

"சனிக்கிழம மட்டும்...?"

"சனிக்கிழம பெருமாளுக்கு. ஒனக்குத் தெரியாதா? சரி, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல."

அம்மா அந்தக் குரலில் 'ஒண்ணுஞ் சொல்லல' என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திரும்பும் பஸ். அதற்குள் எந்தக் கடைக்காரன் நண்டு சமைப்பான்?

வெள்ளிக்கிழமை மதியம், திருகோணமலை உப்புவெளியில் கடல் கையெட்டும் தூரத்தில் இருக்க, கண்டியில் கிடைக்கும் அதே தோசையை அதே சம்பலோடு சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் நண்டைச் சட்டியோடு வைத்து உடைத்துக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகத் தன் கதிரையைத் திருப்பினார். கடல் முதுகுப் பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை கடைத்தெரு. கடலுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் ஏழு வீட்டார் அம்மாவிடம் கருவாடு சொல்லிவிட்டிருந்தார்கள். விரதத்தில் தின்னக் கூடாதே தவிர வாங்கலாமாம்.

"கட்டாக் கருவாடு, நல்ல சாமான் அக்கா. மணந்து பாருங்கோ" என்றார் கடைக்காரப் பெண்.

"விரதம்ங்க, நான் மோக்கக் கூடாது. புள்ள, நீ மோந்து பாரு."

"எனக்கு மட்டும் விரதம் இல்லையா?"

"காலையில கடல பாத்துக்கிட்டே முட்ட ரோல் தின்னியே, அப்ப எங்க போச்சு ஒன் விரதம்?"

கடைக்காரப் பெண் சிரித்த சிரிப்பில் விலை குறைந்தது. ஏழு வீட்டுக் கருவாட்டையும் நான்தான் மோந்தேன். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அப்பா அடுத்த கடையில் நின்றிருந்தார். சிப்பியால் செய்த சின்ன நண்டு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கொடுக்கு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அறைக்கு வரும்வரை அது என்னையே பார்த்ததுபோல் இருந்தது.

ஞாயிறு வெளுக்கும்போதே கரைக்கு ஓடினேன். படகிலிருந்து இறங்கிய நண்டில் ஆறு வாங்கி, தங்கியிருந்த வீட்டு அன்ரியின் குசினிக்கு முன்னால் போய் நின்றேன்.

"கழுவி, உடைச்சு, முருங்கையிலை போட்டுக் கறி இறக்க எட்டரை ஆகுமே பிள்ளை. பஸ்ஸை விட்டிடுவீங்கள்."

"பரவாயில்ல அன்ரி. அப்பா வேகமா சாப்பிடுவாரு."

சொன்னபடியே எட்டரைக்குக் கறி வந்தது. கூடவே பிட்டு. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா கருவாட்டுப் பொதியோடு வாசற்படியில் தயாராக நின்றார். அப்பா ஒரு காலை எடுத்தார், கடித்தார், வைத்தார். இன்னொரு காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீடியோக்களில் சதை தானாகவே வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. இங்கே ஓடு மசியவில்லை. ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அப்பாவின் முகம் பரீட்சை மண்டபத்தில் நேரம் முடியப்போகும் மாணவனுடையதைப்போல் ஆகிவிட்டது.

"அப்பிடி இல்லங்க" என்று பொதியை இறக்கி வைத்தார் அம்மா. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கொடுக்கை எடுத்துக் கடைவாயில் வைத்து 'டக்' என்று ஒரு கடி. முழுச் சதையும் உடையாமல் அப்பாவின் தட்டில் விழுந்தது. அடுத்ததை உடைத்து, தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அப்பா வாயைப் பிளந்துவிட்டார். "நீ எங்க கத்துக்கிட்ட?"

"கல்யாணத்துக்கு முந்தி சிலாபத்துல கடலோரமா சித்தி வீட்டுல ரெண்டு வருசம் இருந்தேன்ல."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க ஒரு நண்டு வாங்கிட்டு வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

மறுபடியும் ஹோர்ன். அம்மா குழம்பு வழியும் கையை வாசல் பக்கம் வீசினார். "அவரப் போகச் சொல்லு புள்ள. எனக்கு இன்னும் ரெண்டு இருக்கு."

பதிவு செய்த மூன்று சீட்டும் எங்களை விட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கண்டிக்குப் போயின. அடுத்த பஸ்ஸில் தம்புள்ளை வரை நின்றுகொண்டே வந்தோம். தலைக்கு மேல் கருவாடு. கண்டக்டர் எங்களைக் கடக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெரிசலில் சிப்பி நண்டின் கொடுக்கு ஒன்று உடைந்து விழுந்ததை அப்பா கவனிக்கவே இல்லை. கம்பியைப் பிடிக்கும் கையை அடிக்கடி மாற்றி, விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்புள்ளையில் சீட் கிடைத்ததும் அம்மா என் கையிலிருந்த ஃபோனைக் காட்டினார்.

"அதத் தெற. ஞாயிறும் திங்களும் சேந்தாப்ல லீவு எப்ப வருதுன்னு பாரு."

"புதனையும் சேத்துப் பாரு புள்ள" என்றார் அப்பா, விரலை மூக்கிலிருந்து எடுக்காமலே.