ஸ்டியரிங் அக்கா இன்ஜினைப் பிரித்த கதை

லாரி ஷெட்டில் அவரை எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. ஐந்து வருடத்துக்கு முன்புவரை அந்தப் பத்து சக்கர லாரியை ஓட்டியவர் அவருடைய வீட்டுக்காரர்; அக்கா பக்கத்து சீட்டில் கிளீனர். மகனும் மகளும் படிக்க வெளியூர் போன பிறகு, பூட்டிய வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு லாரியில் ரோட்டைப் பார்த்து உட்காரலாம் என்று ஏறியவர் அவர். கயிறு இழுத்துக் கட்டினார், தார்ப்பாய் மூடினார், சந்துக்குள் வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று கை காட்டினார்.

அப்புறம் வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் அக்கா சொன்னார்: "எதுக்கு விக்கணும்? நீங்க இந்தப் பக்க சீட்டுக்கு வாங்க, நான் அந்தப் பக்கம் போறேன்." கார் லைசென்ஸ் முன்பே இருந்ததால் ஆறே மாதத்தில் கனரக லைசென்ஸ் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் சீட்டு மாறியது. வீட்டுக்காரருக்கு வாய் மட்டும் மாறவில்லை. "பிரேக்கு, பிரேக்கு" என்று வழி நெடுக முணுமுணுப்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்டியரிங் யார் கையில இருக்கு?" என்பார். அப்படித்தான் அந்தப் பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏற்றுவது தரை ஓடுகள். பளபளப்பான பெரிய பெரிய டைல்ஸ் பெட்டிகள். பள்ளத்தில் ஒரு தடவை அசட்டையாக இறக்கினால் அடிவரிசைப் பெட்டி நொறுங்கிப் போகும். அக்கா வண்டியில் உடைசல் வருவது அபூர்வம் என்பதால் தொழிற்சாலையில் அவருக்காகவே லோடு காத்திருக்கும்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் இன்ஜின் படுத்த ஆரம்பித்தது. சைலன்ஸரில் நீலப் புகை. பின்னால் வரும் பஸ்ஸில் ஆட்கள் ஜன்னலைச் சாத்துவது கண்ணாடியில் தெரிந்தது. ஆயில் ஊற்ற ஊற்றக் குடித்தது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் முதல் கியர் போட்டும் மூச்சு வாங்கியது.

பட்டறை மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். அக்காவைவிட அந்த லாரியை அதிக நாளாகத் தெரிந்தவர். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். அதன் வழியாகப் புகை குப்குப்பென்று வந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பெரிய வேலை வந்துடுச்சுக்கா. ரெண்டு வழிதான். ஒண்ணு, இதைப் பிரிச்சு லைனர், பிஸ்டன், ரிங்கு எல்லாம் புதுசா போட்டுக் கட்டணும். இல்லேன்னா இதை இறக்கி வெச்சுட்டு வேற இன்ஜின் தூக்கி வெக்கணும். கட்டறதுன்னா ஒரு மாசம் ஆகும். மாத்தறதுன்னா மூணு நாள்."

"மாத்திடலாம்" என்றார் வீட்டுக்காரர், மெக்கானிக் வாயை மூடுவதற்குள்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். வைப்பர் ரப்பர் கிழிந்து தொங்கினால்கூட "இன்னும் ஒரு மழை தாங்கும்" என்கிற மனுஷர் அவர். இன்ஜினையே மாற்றலாம் என்று இவ்வளவு சுருக்காகச் சொன்னது அக்காவுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் மூன்று நாள் என்பது காதில் இனித்தது. "சரி, முதல்ல அந்த இன்ஜினைப் பார்ப்போம்" என்றார்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கொட்டகைக்கு முன்னால், இரும்புச் சட்டத்தில் ஒரு இன்ஜினை ஏற்றி வைத்திருந்தார்கள். துடைத்துப் பெயிண்ட் அடித்து மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. யார்டுக்காரர் பட்டனை அழுத்தினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழகாக ஓடியது. வீட்டுக்காரர் தலையாட்டினார். மெக்கானிக்கும் பரவாயில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

"ஆஃப் பண்ணுங்க" என்றார் அக்கா. குனிந்து இன்ஜினின் அடியில், ஆயில் தேங்கும் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரே நிமிடம் ஓடிய இன்ஜினில் அந்த இடம் சுடக் கூடாது. சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா, வெயில்ல நிக்குதுல்ல, அதான் சூடு."

"வெயில் மேலதானே அடிக்கும். அடிவயிறு எதுக்குச் சுடுது?"

யார்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அடிநட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார் அக்கா. அவ்வளவு சூட்டிலும் ஆயில் பாகு மாதிரி கனமாக இறங்கியது. மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே சுழலும் கிராங்க் தண்டு தேய்ந்த சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று கெட்டி ஆயிலை ஊற்றி, முதல் சுற்றிலேயே பிடிக்கும்படி முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள்.

"கிராங்க்கு அடி வாங்கியிருக்குக்கா" என்றார் மெல்ல.

திரும்பும் வழியில் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ஊரான் இன்ஜினுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாங்கறதுக்கு, நம்ம இன்ஜினுக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம். பிரிங்க தம்பி. பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"பிரிச்சா பிரிச்சதுதான். அப்புறம் செலவு இழுத்துக்கிட்டே போகும்" என்றார் வீட்டுக்காரர். "வேற யார்டு இருக்கு, பார்க்கலாம்."

"பார்க்கலாம். இதைப் பிரிச்சதுக்கு அப்புறம்."

இன்ஜினை இறக்கி, ஒவ்வொன்றாகக் கழற்ற மூன்று நாள் ஆனது. அக்கா பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் தட்டுகளில் அடுக்கினார். வீட்டுக்காரர் உள்ளேயே வரவில்லை. பட்டறை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூன்று நாளும் ஒரே பேப்பர்.

கிராங்க் ஷாஃப்டைத் தனியாக எடுத்து அளந்தபோது மெக்கானிக்குக்கு முகம் மலர்ந்தது. "அக்கா, இதைப் பாருங்க. கம்பெனியில இருந்து வந்த அளவு அப்படியே இருக்கு. ஒரு தடவைகூடக் கடைசல் போடலை. இந்த மாதிரி கிராங்க்கு இப்ப தேடினாலும் கிடைக்காது." மேல் பாகமான ஹெட்டும் நன்றாக இருந்தது. கட்டிவிடலாம் என்று அக்கா மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் காலை பிளாக்கைக் கழுவினார்கள். எல்லா உறுப்பும் உட்காரும் பெரிய இரும்பு உடம்பு அதுதான். கறுப்புப் பிசுக்கு போனதும், நாலாவது சிலிண்டருக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு துருக்கோடு தெரிந்தது. மெக்கானிக் தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். நுரை ஒரு நிமிடம் சும்மா இருந்தது. பிறகு பொட்டுப் பொட்டாகக் குமிழ் கிளம்பியது.

"விரிசல். இது நேத்து முந்தாநாள் வந்ததில்லக்கா. வருஷக்கணக்கா இருக்கு. தண்ணியில்லாமக் கொதிச்ச இன்ஜின்ல திடீர்னு பச்சைத் தண்ணியை ஊத்தினா இப்படித்தான் வரும். நீங்க தினமும் ரேடியேட்டருக்குத் தண்ணி விட்டுக்கிட்டுத்தானே இருந்திருக்கணும்?"

அக்காவுக்கு அது புதிய சேதி. ரேடியேட்டரைப் பார்ப்பது கிளீனர் வேலைதான்; ஆனால் அக்கா கிளீனராக இருந்தபோதே வீட்டுக்காரர் அதை மட்டும் தானே பார்த்துக்கொள்வார். காலையில் அவர் சீட்டில் ஏறி உட்காருவதற்கு முன்பே வீட்டுக்காரர் தண்ணீர் கேனோடு முன்னால் நிற்பார். இந்த வயதிலும் எவ்வளவு பொறுப்பு என்று அக்கா பெருமைப்பட்டிருக்கிறார்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "தெரியுமா உங்களுக்கு?"

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "தெரியும்."

"எப்ப நடந்தது?"

"நீ பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கப் போயிருந்தே பாரு, அந்த வாரம். மலைப் பாதையில ரேடியேட்டர் ஹோஸ் பிச்சுக்கிச்சு. சூட்டு மீட்டர் சிவப்புக்குப் போனது எனக்குத் தெரியலை. புகை வந்த பிறகுதான் நிறுத்தினேன். லோடு அவசரம். ஹோஸைச் சுத்திக் கட்டிட்டு, ஆற விடாம ஊத்திட்டேன்."

"மீட்டர் கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு?"

அவர் மடித்த பேப்பரை மடியில் வைத்தார். "அந்தக் கண்ணு அப்பவே போயிடுச்சு" என்றார்.

அக்கா மனதுக்குள் வருடத்தை எண்ணிப் பார்த்தார். மகளைச் சேர்த்தது ஒரு வருடம். இவர் கண்ணைப் பற்றி வாயைத் திறந்தது அதற்கு அடுத்த வருடம். நடுவில் எத்தனை நாள் அந்த லாரியில் பக்கத்து சீட்டில் தலையைச் சாய்த்து அசந்து தூங்கியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டார்.

"ஒரு வருஷம் ஒத்தைக் கண்ணோட ஓட்டியிருக்கீங்க. நான் பக்கத்துல குறட்டை விட்டிருக்கேன்."

"சொன்னா நீ வண்டியை வித்துடச் சொல்லுவியோன்னு பயந்தேன்."

"நான் எப்பங்க விக்கச் சொன்னேன்? விக்கணும்னு படுத்துக் கிடந்தது நீங்க."

அக்கா பட்டறைக்குள் திரும்பிப் போய், தட்டுகளில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். பிளாக்குக்காகக் கோபப்படவில்லை அவர், இரும்பு உடையும். கண்ணை மறைத்ததுதான் ஆறவில்லை. சாயங்காலம் வீட்டில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே உங்க உடம்புல எது போனாலும் முதல்ல எனக்குத்தான் தெரியணும். பல்லு ஆடினாக்கூட."

"ரெண்டு ஆடுது" என்றார் அவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மறுநாள் காலை பட்டறையில் மெக்கானிக் வருத்தமாகச் சொன்னார்: "இந்த விரிசலை ஒட்ட வெச்சு ஓட்டலாம்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க. டைல்ஸ் லோடு தாங்காது. மாத்தத்தான் வேணும்க்கா."

"என்ன போயிருக்கு? பிளாக்கு. என்ன நல்லா இருக்கு? கிராங்க்கு, ஹெட்டு. அந்த யார்டு இன்ஜின்ல என்ன போயிருக்கு?"

"கிராங்க்கு" என்ற மெக்கானிக், பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தார். "ஒரே மாடல்தான். உட்காரும்க்கா. பிளாக்கு நல்லா இருந்தா கச்சிதமா உட்காரும்."

யார்டுக்காரர் முழு இன்ஜினாகத்தான் கொடுப்பேன் என்று முதலில் முறுக்கினார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணே, அதுல கிராங்க்கு தேய்ஞ்சிருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் யார் யாருக்குத் தெரியணும்னு நீங்கதான் சொல்லணும். பிளாக்கை மட்டும் குடுங்க. காத்தடிச்சுச் சோதிச்சு எடுத்துக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரிக்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார். இந்த முறை சோப்பு நுரையை அக்காவே தடவினார். அரை மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை.

புது லைனர், புது பிஸ்டன், புது ரிங், யார்டு பிளாக், பழைய கிராங்க், பழைய ஹெட். கட்டி முடிக்க இருபத்தாறு நாள் ஆனது. வீட்டுக்காரர் இப்போது வாசலில் உட்காரவில்லை. முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் கோடு போடும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டார்ட் செய்தபோது முதலில் இரண்டு தடவை தும்மியது. பிறகு ஒரே சீராக ஓடியது. மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்தார், காற்றே இல்லை. சிரித்தார்.

இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் பொறித்திருக்கும் என்பதால் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்ஜின் மாத்தினீங்களா, ரிப்பேர் பண்ணீங்களா?"

"உடம்பு வேற. உள்ள இருக்கிறது பாதி புதுசு, பாதி எங்களோடது."

"அப்படி எழுத இதுல இடம் இல்லம்மா. நம்பர் மாறியிருக்கா?"

"மாறியிருக்கு."

"அப்ப மாத்தினதுதான்." முத்திரை குத்தினார்.

"உங்க புத்தகத்துல மாத்தினதாவே இருக்கட்டும் சார்" என்று அக்கா காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

முதல் மாதம் அரை லோடுதான். புது ரிங்குகள் படியும்வரை இன்ஜினை விரட்டக் கூடாது என்று மெக்கானிக் கட்டளை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அக்கா கை காட்டி வழிவிட்டுக்கொண்டே போனார். காலையில் ரேடியேட்டரை இப்போது இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். தண்ணீர் விட்ட அளவு குறையாமல் அப்படியே நின்றது.

மாதம் முடிந்து வண்டி பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் ஆயிலை இறக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் நெருடவில்லை. அக்கா பக்கமும் கையை நீட்டினார். அக்காவும் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"முழு லோடு ஏத்தலாம்க்கா."

அக்கா விரலைத் துணியில் துடைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். மத்தியானம் வருகிறேன், எவ்வளவு இருந்தாலும் எடுத்து வையுங்கள் என்றார்.