வட்டத்துக்குள் பட்டம்மாள்

என் பெரியப்பா தணிகைவேலை நல்ல மனுஷன் என்று சொல்பவர்கள் பேரணாம்பட்டில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். 1952-இல் என் அப்பா காய்ச்சலில் இறந்த கையோடு, எட்டு வயதுப் பெண்ணான என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றவர் அவர். பாசமாம்! அவர் வீட்டில் பீடி சுற்ற இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அம்மா பட்டம்மாள் முடியாது என்றாள். விவகாரம் பஞ்சாயத்துக்குப் போயிற்று. எங்கள் ஆட்கள் தோல் பதனிடும் ஷாப்பின் ஆவாரம்பட்டைக் கொட்டகைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்துதான் வழக்குத் தீர்ப்பார்கள். அந்த வட்டத்துக்குள் பெண் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கூட்டம் கலைந்ததாகக் கணக்கு, தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். பெண்ணுக்காக அவள் வீட்டு ஆண் பேச வேண்டும். அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு ஆண் யார்? பெரியப்பா! பிள்ளையைக் கேட்பவரும் அவர், அம்மாவுக்காகப் பதில் சொல்பவரும் அவர். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அம்மா, தான் பெருக்கித் துடைக்கும் மிஷன் மருந்தகத்தில் போய்ச் சொன்னாள். அங்கே இங்கர் என்று ஒரு டென்மார்க் நர்சம்மா இருந்தார். அன்று வேலூர் பாகாயத்திலிருந்து அவருடைய சிநேகிதிகள் இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் ஸ்வீடன்காரர், மற்றவர் நார்வேகாரர். ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள், ஆனாலும் மூவருக்கும் புரிந்தது. அம்மா அழுதுகொண்டே சொன்னதை இங்கர் அவர்களுக்கு விளக்கினார். அந்தப் பேச்சில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது.

"இன்னாம்மா அது, மூணு பேரும் திங்கு திங்குன்றீங்க?" என்றாள் அம்மா.

இங்கர் பேசுவது புத்தகத் தமிழ். "அது எங்கள் மூன்று நாட்டுக்கும் பொதுவான சொல், பட்டம்மா. ஆதியில் கூட்டம் என்று பொருள். ஊரார் திறந்தவெளியில் கூடி வழக்குத் தீர்ப்பார்கள், உங்கள் பஞ்சாயத்து போல. பிறகு அங்கே பேசப்படும் விவகாரத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்றைக்குச் சட்டி, நாற்காலி, எந்தப் பொருளும் திங்தான். எங்கள் நாட்டிலும் நார்வேயிலும் சட்டசபையின் பெயரில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது."

"அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க பேசுவாங்களா?"

இங்கரின் முகம் சிவந்தது. "இல்லை. பெரும்பாலும் அவர்களுக்காக ஆண்களே பேசினார்கள்."

அம்மாவுக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாருக்குது போங்க! கடல் தாண்டியும் இதே கதைதானா? சட்டிக்கெல்லாம் அந்தப் பேரு கெடச்சுது, பொம்பளைக்கு உக்கார எடம் கெடைக்கல. இப்ப எப்டி?"

"இப்போது எங்கள் சட்டசபைகளில் பெண்கள் இருக்கிறார்கள்."

"அப்படின்னா, எவளோ ஒருத்தி மொதல்ல போய் உக்காந்திருக்கா!"

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வட்டத்துக்குள் போய், நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாட்டாண்மை செங்கல்வராயன் அதட்டினார். "ஏய் பட்டம்மா, இன்னா இது? எழுந்திரு!"

"மாட்டேன், பெரியவரே. என் புள்ளயக் கேக்கறவரே எனக்கும் வாயா இருந்தா, ஆண்டவன் எனக்கு வாய எதுக்கு வெச்சான்?"

"மானமே போச்சு! கூட்டம் கலைஞ்சுபோச்சு!" என்று பெரியப்பா குதித்தார்.

"கலையட்டும், மாமா. கலைஞ்சா தீர்ப்பு இல்ல. தீர்ப்பு இல்லன்னா புள்ள எங்கிட்டதான்."

வேட்டியைத் தட்டிக்கொண்டு எல்லாரும் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் கூடினார்கள். அம்மா மறுபடியும் போய் உட்கார்ந்தாள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். மருந்தகத்துக் குழாயிலிருந்து சுமந்து வந்தாள். யாரும் எங்களோடு பேசவில்லை. பேசாவிட்டால் போங்களேன்! அவள் விடாமல் போய் உட்கார்ந்தாள். கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய் அந்த வழக்கைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

1961-இல் எனக்குக் கல்யாணம். பெரியப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து மணையின் பக்கத்தில் நின்றார். "எங்க வூட்டுப் பொண்ணு. நான்தான் கைப்புடிச்சிக் குடுக்கணும்" என்றார்.

பந்தலில் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல பஞ்சாயத்துல தீர்ப்பு ஆவட்டும், மாமா. அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தாலியறுத்த என் அம்மா மணையில் ஏறி என் கையைப் பிடித்துக் கொடுத்தாள்.