ரைஹானா சொன்ன ஒரு பேரு

பஜார் தெருவுக்கு உசுரு குடுக்கப் போறோம்னு கெளம்பினானுக பாருங்க, அவனுக தலையில இடி விழ! உசுரோட இருந்த ஒரே கடையத்தான் மொதல்ல சாகடிச்சானுக. நான் மாரிக்கனி. அருப்புக்கோட்டையில ரைஹானாவோட ஜவுளிக்கடை வாசல்ல தையல் மிஷின் போட்டிருக்கிறவ. என் பேச்சுல சூடு இருக்கும். கேக்கப் பிடிக்காதவுக இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்.

ரைஹானா பொறந்தது திருச்சுழி, வாக்கப்பட்டு வந்தது இங்க. புருசன் முகம்மது அனீஸ் குவைத்துல டிரைவரு. எப்பவாச்சும் வருவாரு, போர்வையும் சென்ட்டும் குடுத்துட்டுத் திரும்பப் போயிருவாரு. மாமியா மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க இவளால முடியல. "நான் கடை வைக்கப் போறேன்"னா. மாமனாரு கத்துனாரு, கொழுந்தன் கத்துனான், இவ அவுக எல்லாரையும்விட சத்தமாக் கத்துனா. கடை வந்திருச்சு. வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி! எனக்கும் அவளுக்குமே வாரம் ஒரு சண்டை நடக்கும். வெட்டுத்துணி அவ கடைக்குள்ள பறக்குதும்பா. நான் அவ கூட்டுற தூசி என் மிஷின்ல விழுகுதும்பேன். ரெண்டு பேரும் நாள் பூரா பேசாம இருப்போம், சாயங்காலம் டீ வந்ததும் பேசிருவோம்.

ஆனா ஒரு விசயத்துல மட்டும் அந்த வாயி தெறக்காது. அவ கடையில பொம்பளைக வந்து நாலு சேலைய அள்ளிக்கிட்டு, "வீட்டுல காட்டிட்டு வாரேன்"னு சொல்லிட்டுப் போயிருவாக. பணமும் கெடையாது, பில்லும் கெடையாது, எழுதி வைக்கிறதும் கெடையாது. மறுநாளு ஒண்ணுக்குக் காசு வரும், மூணு சேலை திரும்ப வரும். சில சமயம் நாலுமே திரும்ப வரும். புருசன் வைஞ்சிருப்பான், இல்ல கையில காசு இருந்திருக்காது. ரைஹானா ஒண்ணும் கேக்க மாட்டா, மடிச்சு வச்சிருவா. யாரு என்ன எடுத்தா, யாரு ஏன் திருப்புனா, அதப் பத்தி ஒரு வார்த்த வெளிய வராது. பக்கத்துலயே இருக்கிற எங்கிட்டகூடச் சொல்ல மாட்டா. "அது போயிருச்சுன்னா என் கடையில என்னடி இருக்கு?"ம்பா. நெசந்தான். ஏசி இல்ல, நெலக்கண்ணாடி இல்ல, உள்ள ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு ரோட்டுல நிக்கணும். பொம்பளைக வந்தது அந்த நம்பிக்கைக்குத்தான்.

தெரு முனையில ரெடிமேட் ஷோரூம் வச்சிருக்கிறவன் ராம்குமாரு. தெரு வியாபாரிக சங்கத்துக்கு அவன்தான் தலைவரு. எல்லாரும் மதுரைக்குப் பஸ்ஸு ஏறுறாக, மிச்சம் பேரு செல்போன்ல வாங்குறாக, தெரு செத்துப் போச்சுன்னு மீட்டிங் போட்டான். தெருவுல டைல்ஸு பதிச்சான், முனையில ஆர்ச்சு வச்சான், எல்லாக் கடைக்கும் ஒரே மஞ்ச போர்டு மாட்டுனான், கேமரா வச்சான். ஆர்ச்சுக்குக் கீழ இருளப்பசாமின்னு ஒருத்தருக்குச் சட்டை தொப்பி குடுத்து செக்யூரிட்டின்னு நிறுத்துனான். பில்லு இல்லாம ஒரு துணியும் தெருவ விட்டுப் போகக்கூடாதாம்! பெரிய ஊரு மால்ல அப்படித்தானாம்! ரைஹானா மீட்டிங்குல எந்திரிச்சு, "அண்ணாச்சி, என் கடைப் பழக்கம் வேற"ன்னு சொன்னா. "பழக்கத்த மாத்துங்க. தெரு முன்னேற வேண்டாமா?"ன்னுட்டான். கூட ஒக்காந்திருந்த கடைக்காரனுக எல்லாம் தலைய ஆட்டுனானுக. மூஞ்சியப் பாரு!

அமாவாசை அன்னைக்கு நெசவாளிக வீட்டுல தறி ஓடாது. அன்னைக்குத்தான் அவுக பஜாருக்கு வருவாக. அப்படி ஒரு அமாவாசைக்குப் பாளையம்பட்டிப் பக்கமிருந்து சௌடம்மாள் டவுன் பஸ்ஸுல வந்தாக. தறிக்காரவுக. வீட்டுல கன்னடம் பேசுவாக, எங்ககிட்டத் தமிழு. மறுநாளு அவுக மக அஷ்வினியப் பொண்ணு பாக்க வாராக. நாளெல்லாம் சேலையா நெய்யிறவுகதான், ஆனா நெய்யிறது முதலாளிக்கு, கட்டுறது கடைச் சேலை. அஷ்வினிக்குப் பிடிச்சத எடுக்கட்டும்னு மூணு சேலைய வயர் கூடையில வச்சுக்கிட்டு, "காட்டிட்டு வாரேன் தாயி"ன்னு கெளம்புனாக.

ஆர்ச்சுல இருளப்பசாமி நிறுத்திட்டாரு. பில்லக் கேட்டாரு. இல்லன்னதும் விசில ஊதிட்டாரு. மனுசன் கூப்பிட்டு ஓரமா விசாரிக்கக் கூடாதா? கூட்டம் கூடிருச்சு. ராம்குமாரு ஷோரூம்ல இருந்து எறங்கி வந்து சேலைக மூணையும் தூக்கிக் காட்டுறான். "கேமரா வச்சதுக்கு இன்னைக்குப் பலன் கெடச்சிருச்சு பாருங்க!" சௌடம்மாளு காலிக் கூடைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறாக. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் காதுல 'தாய்க்காரி திருடி'ன்னு விழுந்துச்சுன்னா அந்தப் பிள்ளை கதி என்ன?

நானும் ரைஹானாவும் ஓடுனோம். "நான்தான் குடுத்துவிட்டேன், அக்கா கையில சேலையக் குடுங்க"ன்னா ரைஹானா. அவன் சிரிக்கிறான். "காசு வாங்காம எவளாவது துணியக் குடுத்துவிடுவாளா? திருடியக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்கம்மா. போலீஸக் கூப்பிடுறேன்."

"நான் தெனமும் பாக்கேன், இவ இப்படித்தான் குடுத்துவிடுவா"ன்னு நான் கத்துனேன். "நீ அவ வாசல்ல ஒக்காந்திருக்கிறவ, வேற என்ன சொல்லுவ"ன்னு என்னயத் தள்ளிவிட்டுட்டான். அங்க நின்ன பொம்பளைகள்ல பாதிப் பேரு ரைஹானாகிட்ட அப்படி எடுத்துட்டுப் போனவளுக. ஒருத்தி, ஒரே ஒருத்தி, "நானும் எடுத்திருக்கேன்"னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அத்தன பேரும் தரையப் பாத்தாளுக. மானம் போயிருமாம்! அடுத்தவ மானம் நடுரோட்டுல கெடக்கையில இவளுகளுக்கு என்ன மானம்?

ராம்குமாரு செல்போன எடுத்துக்கிட்டு, "பேரச் சொல்லுங்க. இப்படி எடுத்துட்டுப் போற வேற ஒருத்தி பேரச் சொல்லுங்க, நான் விட்டுறேன்"ன்னான்.

ரைஹானா சௌடம்மாளப் பாத்தா. கூட்டத்தப் பாத்தா. அப்புறம் சொன்னா: "உங்க வீட்டம்மா காளீஸ்வரி. போன வாரம் அஞ்சு சேலை எடுத்துட்டுப் போனாக. இன்னும் உங்க பீரோவுலதான் இருக்கு. இந்த ஆர்ச்சு வழியாத்தான் போனாக, இந்த அண்ணன் தொப்பியத் தொட்டுக் கும்பிட்டாரு."

கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சிருச்சு. ஊருக்கே துணி விக்கிறவன் பொண்டாட்டி பக்கத்துக் கடையில எடுத்துக் கட்டுறா! அவ ஏன் எடுத்தான்னு எனக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு. ஷோரூம்ல விக்காமச் சாயம் மங்கிக் கெடக்கிறத எடுத்துத்தான் அவன் அவளுக்குக் குடுப்பானாம். அவ ரைஹானாகிட்ட எடுத்துட்டு, அம்மா வீட்டுல குடுத்ததுன்னு சொல்லிக் கட்டுவாளாம். ராம்குமாரு மூஞ்சி செத்துப் போச்சு. சேலைகளக் கூடையில போட்டுட்டுப் போயிட்டான். சௌடம்மாளு ரைஹானா கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. நான் சந்தோசத்துல விசிலே அடிச்சிருப்பேன், அடிக்கத் தெரியாது.

சாயங்காலம் ஷோரூம் ஆளு ஒருத்தன் வந்து அஞ்சு சேலையையும் எங்க வாசல்ல வீசிட்டுப் போனான். ரெண்டு நாளு கழிச்சு காளீஸ்வரி வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொம்பள வந்து, அந்தம்மா கன்னம் வீங்கிக் கெடக்குன்னா. ரைஹானா அன்னைக்குச் சோத்துப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல. "அவன் அடிக்கல மாரி, நான்தான் அடிச்சேன்"னா. "போடி லூசு, அடிச்சவன் கை அவன் கைதான"ன்னு நான் வைஞ்சேன். அவ காதுல அது ஏறல.

அதுக்கப்புறம் தெருவுல லைட்டு எரியுது, ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது, குலுக்கல் பரிசாம், ஜனமும் வருது. ரைஹானா கடைக்கும் வாராளுக. பாவாடை கேப்பாளுக, லைனிங் துணி கேப்பாளுக, காசு குடுப்பாளுக, பில்லு வாங்குவாளுக, போயிருவாளுக. இருளப்பசாமி இப்பல்லாம் யாரையும் நிறுத்துறதில்ல, ஆனாலும் 'காட்டிட்டு வாரேன்'னு ஒருத்தி வாயில வரல. அன்னைக்கு ஊமையா நின்ன முண்டைகளுக்கு இன்னைக்கு மட்டும் புத்தி வந்திருச்சு. எனக்குத் தைக்க ரவிக்கத்துணி வாரது பாதியாக் கொறஞ்சு போச்சு. அந்தக் கோவமும் சேத்துத்தான் பேசுறேன்.

போன அமாவாசைக்குச் சௌடம்மாளு வந்தாக. அஷ்வினிக்குப் பேசி முடிச்சாச்சாம். ரைஹானா மூஞ்சிய நீங்க அன்னைக்குப் பாத்திருக்கணும்! அலமாரியவே காலி பண்ணி முன்னால பரப்புனா. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்கக்கா. சம்பந்தி வீட்டுல காட்டுங்க, பிடிச்சத வச்சுக்கிட்டு மிச்சத்த மெதுவாக் கொண்டாங்க."

சௌடம்மாளு ஒரு சேலையத் தொட்டுப் பாத்துட்டுக் கைய எடுத்துக்கிட்டாக.

"வேண்டாம் தாயி. காசு சேந்ததும் வந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன். நீ எனக்குச் செஞ்சத எஞ்சாமி சௌடம்மன் மேல சத்தியமா மறக்க மாட்டேன். ஆனா சம்பந்தி வீட்டுல எது கொறை சொன்னாக, எங்களுக்கு எது முடியாமப் போச்சு, அதெல்லாம் இனிமே உனக்குத் தெரிய வேண்டாம். நீ கெட்டவ இல்ல. என்னிக்காவது இன்னொருத்திக்கு எனக்கு வந்த மாதிரி இக்கட்டு வந்தா, என் பேரு உன் வாயில வந்திரும்."

எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஏக்கா, உங்களுக்காகத்தான அவ வாயத் தெறந்தா!"ன்னு எந்திரிச்சேன். ரைஹானா என் தோளப் பிடிச்சு ஒக்கார வச்சிட்டா. சௌடம்மாளு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போயிட்டாக.

நான் வைஞ்சுக்கிட்டே இருந்தேன். ரைஹானா ஒவ்வொரு சேலையா மடிச்சு அலமாரியில வச்சா. கடைசிச் சேலையும் வச்ச பெறகு சொன்னா: "வையாத மாரி. நானா இருந்தாலும் என் கடையில எடுக்க மாட்டேன்."