இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த பள்ளிக்கூடம்

நேர்முகத்துக்கு நானும் என்கூடப் பிறந்த ராத்தாவும் அவருடைய ஐந்து வயது மகளும் போயிருந்தோம். மச்சான் இல்லை, கட்டாரில் இருந்தார். உம்மாவும் வரவில்லை. "படிச்ச ஆக்கள் இரிக்கிற இடத்துல எனக்கென்ன வேல, நீ போ" என்று என்னை அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான்.

பிரதான வீதியிலுள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்கு இடம் கேட்டுப் போனோம். நான் படித்ததோ, வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடற்கரைப் பக்கமுள்ள சின்னப் பள்ளிக்கூடம். விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் போய்ப் பார்த்தேன். பெரியதில் பிள்ளைகள் வாங்கில் நெருக்கியடித்து இருந்தார்கள். ரீச்சர் இடுப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு படிப்பித்தார். சின்னதில் கூரை ஒழுகிய கறை சுவர் முழுக்க. ஆனால் ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். ராத்தாவிடம் சொன்னேன்.

"அங்க படிச்சித்தானே நீயும் பட்டம் எடுத்தாய்? இப்ப எங்க வேல செய்றாய், செல்லு பாப்பம்? அங்க போறது மீன் விக்கிறவன்ட புள்ளைகள்தான்."

எங்கள் வாப்பாவும் மீன் விற்றவர்தான்.

வீடு கிட்ட இருக்கிறதென்று பத்திரம் காட்டினால்தான் இடத்துக்குப் புள்ளி கிடைக்கும். வீட்டு உறுதிப் பத்திரம், கரண்ட் பில் எல்லாம் ராத்தா பெயரில் சரியாக இருந்தன. சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார்.

"வாக்காளர் இடாப்புல புள்ளட வாப்பாட பேரக் காணல்லயே?" என்று கேட்டார் நேர்முகத்தில் நடுவில் இருந்த சேர்.

அந்தப் பெயர் மருதமுனையில், மச்சானின் தாய் வீட்டில் இருந்தது. மாற்றப் போனபோது அந்தத் தாய் அழுதார்: "ஆளத்தான் தந்துட்டன். பேரையாவது எங்கட ஊட்டுல உட்டு வைங்க." விட்டு வைத்தோம். அதில் பாதிப் புள்ளி போனது.

"இன்னொண்டும் இரிக்கி தங்கச்சி. இதவிடக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் இரிக்கிதானே, அதுக்கும் புள்ளி வெட்டணும்."

நான் படித்த பள்ளிக்கூடம். பிள்ளையைச் சேர்க்க ஒருவருக்கும் அது கண்ணில் படுவதில்லை. புள்ளி வெட்டும்போது மட்டும் பள்ளிக்கூடமாகிவிடுகிறது.

"உங்கட புள்ளைகள் எங்க சேர் படிக்கிற?" என்று கேட்க வாயெடுத்தேன். ராத்தா என் காலை மிதித்தார்.

சேர்த்த பிள்ளைகளின் பட்டியலில் மருமகளின் பெயர் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார்.

"வகுப்புக்கு மேச கதிர இல்ல, ஃபேனும் இல்ல. ஆரும் உதவி செஞ்சா ஒரு இடம் பாக்கலாம்."

"எவ்வளவு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் ராத்தா.

"நான் ஒண்டும் கேக்கல்ல தங்கச்சி. கடையில விலையக் கேளுங்க."

இப்போது மருமகள் ஓட்டோவில் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிப் போகிறாள். கடைசி வாங்கு. "மாமா, மைக்குச் சத்தம் கேக்குது. என்ன செல்றாவெண்டு விளங்கல்ல" என்கிறாள். மேசை, கதிரை, இரண்டு ஃபேன், ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் மச்சான் பெருநாளைக்கு ஊர் வர வைத்திருந்த காசில்தான் வாங்கிக் கொடுத்தோம். அவர் வரவில்லை. ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா.