அந்த டீச்சர் கேட்காத கேள்வி

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனாலும் முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன். பல வருஷத்துக்கு முன்னால், கல்வராயன் மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த அறிவியல் டீச்சரை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. பாடம் சொல்லாமல் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேட்பார்.

ஒருநாள் என் மகள் வந்து, "எம்மா, ஆவி மறுபடி தண்ணியாவுறத எங்க பாத்திருக்கீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. நாளிக்கு சொல்லணும்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அப்போது என் வீட்டுக்காரர் ஓடைப் பக்கம் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். இந்த டீச்சர் போலீஸ் அனுப்பிய ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றேன். மகள் எழுந்தாள்.

"டீச்சர், ஓடையாண்ட எங்கப்பா..."

"யாரு, எங்கன்றது வேணாம்மா. எப்டின்னு மட்டும் சொல்லு."

"மேல சட்டியில பச்சத்தண்ணி ஊத்திக்கினே இருக்கணும் டீச்சர். அது சூடாயிட்டா சொட்டறது கம்மியாயிடும்."

"ஏன் கம்மியாவுது?"

அந்த 'ஏன்' என்னை நிறுத்தியது. எங்கள் மலைக்கு வந்த போலீஸ் எல்லாம் யாரு, எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே சாராய அடுப்பைப் பிரித்துப் போடச் சொன்னேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "டீச்சருக்கா பயப்படுற?"

"டீச்சருக்கு இல்ல. உம் பொண்ணு ஏன்னு கேக்கக் கத்துக்கினு வரா. நாளிக்கு உன்னக் கேட்டா இன்னா சொல்லுவ?"

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்.

டீச்சருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்ததா? எனக்கு இன்னும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை.