கிணற்றுப் பாதையில் ஒரு சிற்பம்

கனடாவில் இருந்து வந்த அண்ணை, புத்தூரில் அப்பா விட்டுப்போன காணியில் ஒரு சிற்பம் செய்தார். செய்தார் என்ன, நட்டார். உயிர்வேலிக்குப் போடுகிற பூவரசந் தடிகளை, அதுதான் கதியால்களை, நெருக்கமாக ஊன்றி, நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி ஒரு வேலி. உள்ளே போகப் படலை இல்லை. உள்ளே ஒரு மண்ணும் இல்லை.

"இந்த நிலத்தின்ரை முகமே வேலிதான். அதைத்தான் சிற்பமாக்கியிருக்கிறன்" என்றார்.

அது நின்ற இடம் என் பாதை. காணி பிரித்தபோது கிணறு அவர் பக்கம் போனது. தண்ணீரும் அதற்குப் போகிற வழியும் எனக்கும் உண்டு என்று சொல்லித்தான் அப்பா பிரித்தார். என் வெங்காயத்துக்கும் வீட்டுக்கும் வேறு தண்ணீர் இல்லை.

"நான் எப்பிடிப் போறது, அண்ணை?"

"றோட்டால சுத்திப் போ. இது கலை, பிள்ளை. உனக்கு விளங்காது."

விளங்காதாம்! எங்கள் ஊரில் கதியால் ஊன்றினால் அது வேலி. அது வேர்விட்டால் காணி பிடித்தாயிற்று. கடவுளே வந்து கலை என்று சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "ஒரு மாரி மழை போனா உன்ரை பாதை போச்சடி" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினா. அண்ணை என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு றோட்டால் சுற்றித் தண்ணீர் சுமந்தேன்.

சிற்பம் பார்க்க ஆட்கள் வந்த நாளிலும் வாளியோடு போனேன். கமரா வைத்திருந்த ஒரு பெண் என்னைக் காட்டி, "இவ ஆர்?" என்று கேட்டா.

"பக்கத்து வளவு ஆள்" என்றார் அண்ணை.

அவர் கனடாவில் இருந்த காலமெல்லாம் அந்தக் காணியில் பற்றை வெட்டினவள் நான். கூடப் பிறந்தவள். வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி இரும்பு அலவாங்கை எடுத்து வந்தேன். "தள்ளுங்கோ!" என்று கத்திவிட்டு, பாதையை மறித்து நின்ற கதியால்களை ஒவ்வொன்றாய்க் கிண்டிப் பிடுங்கினேன்.

"விசரி! என்ரை வேலையடி அது!" என்று அண்ணை அலறினார்.

"பக்கத்து வளவு ஆள் உப்பிடித்தான் செய்வாள்" என்றேன்.

பிடுங்கியதை எறியவில்லை. அன்று பின்னேரமே பாதையின் இரு கரையிலும் ஊன்றிக் கம்பி இழுத்துக் கட்டினேன். மாரி முடிவதற்குள் இலை அடைத்துவிட்டது. கனடாவுக்குத் திரும்பிப்போன அண்ணை இந்த முறை வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபோது, ஆள் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. நான் வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.